அகத்தியர்கூடம்: காட்டுக்குள்ள ஆறு பேரா நடக்குறது எப்படி?

செமஸ்டர் லீவு நெருங்கினா போதும், நம்ம ஹாஸ்டல்ல ஏதாவது ஒரு ரூம்ல "மச்சி, எங்கயாவது ட்ரெக் போலாமா"ன்னு பேச்சு ஆரம்பிச்சிடும். பெரும்பாலும் அந்தப் பிளான் வாட்ஸ்அப் குரூப்பைத் தாண்டாது. தாண்டினவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்த ஷூ வாங்கணும், எந்த பேக் நல்லதுன்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் எழுதப் போறது வேற. யானையும் கரடியும் வாழுற காட்டுக்குள்ள நண்பர்கள் கூட்டமா நடக்குறப்போ என்ன தெரிஞ்சிருக்கணும்னு யாரும் சரியா சொல்றதில்ல. அதைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்.

உதாரணத்துக்கு, நாங்க ஆறு பேர் போன ஜனவரியில நடந்த அகத்தியர்கூடம் பாதையையே எடுத்துக்கறேன். உயரம் 1868 மீட்டர். தமிழ்நாடு-கேரளா எல்லையில நிக்கிற மலை. நம்ம பக்கம் பொதிகைன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்; தாமிரபரணி பிறக்குறது இந்த மலைத்தொடர்லதான். ஆனா நடைபாதை இருக்கிறது கேரளா பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துல போணக்காட்டுல இருந்து. வருஷத்துல சில வாரம் மட்டும், ஜனவரி நடுவுல ஆரம்பிச்சு, வனத்துறை ஆன்லைன்ல அனுமதி தருது. முதல் நாள் முழுக்க நடந்து அதிருமலை முகாம், ரெண்டாம் நாள் உச்சிக்குப் போய் முகாமுக்கே திரும்பணும், மூணாம் நாள் இறக்கம். முன்னாடி பெண்களுக்கு இங்க அனுமதி இல்லாம இருந்துச்சு. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 2019 ஜனவரியில இருந்து அவங்களும் போறாங்க. நம்ம கிளாஸ் பொண்ணுங்க கேட்டதால இதையும் சொல்லிடறேன்.

அனுமதி, வழிகாட்டி இதெல்லாம் ஃபார்மாலிட்டின்னு நினைக்கிறவங்க 2018 மார்ச் 11-ஐ ஞாபகம் வச்சுக்கணும். தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டிக்கிட்டு 23 பேர் உயிரிழந்தாங்க. அதுல நம்ம வயசுப் பசங்களும் உண்டு. அதே வருஷம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. இப்போ 2024 அக்டோபர்ல இருந்து "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு 40 பாதைகளை அரசே முறையா நடத்துது. கேரளா வரைக்கும் போக வேண்டாம்னு நினைக்கிறவங்க அங்க இருந்தே தொடங்கலாம்.

இனி காட்டுக்குள்ள போவோம்.

எங்களுக்கு வழிகாட்டியா வந்தவர் காணி சமூகத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயசு இருக்கும். நாங்க சேட்டான்னு கூப்பிட்டோம், அவர் எங்களை மக்களேன்னு கூப்பிட்டார். பாதி தமிழ், பாதி மலையாளம். நடை தொடங்கறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச முதல் வேலை எங்களை வரிசைப்படுத்தினது. வேகமா நடக்குறவன் முன்னாடி, மெதுவா நடக்குறவன் பின்னாடின்னு நாங்க இயல்பா நின்னோம். அவர் அதை அப்படியே திருப்பிப் போட்டார். எங்க கூட்டத்துல மெதுவா நடக்குறவன் அம்பாசமுத்திரத்துக்காரன். ஃபுட்பால்ல முட்டி அடிபட்டவன். அவனைத் தனக்கு நேர் பின்னால நிறுத்தினார். ஸ்டேட் பிளேயரான எங்க மெக்கானிக்கல்காரன் கடைசி.

காரணம் சிம்பிள். வேகமானவன் முன்னாடி போனா வரிசை ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும். பத்து நிமிஷத்துல முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவுல நூறு மீட்டர் விழுந்துடும். அந்த நூறு மீட்டருக்குள்ள ஒரு யானை பாதையைக் கடக்கலாம். அப்போ கூட்டம் ரெண்டாகி, நடுவுல யானை. யானைக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ரெண்டு பக்கமும் மனுஷ வாசனை வந்தா தன்னைச் சுத்தி வளைச்சிட்டாங்கன்னு அதுக்குத் தோணும். மெதுவானவன் முன்னாடி இருந்தா வரிசை தானாவே சேர்ந்து நகரும். டிராஃபிக் என்ஜினியரிங் படிச்ச எங்க சிவில்காரன் "இது கான்வாய் பிராப்ளம்டா"ன்னு சொன்னான். சேட்டாவுக்கு அந்தப் பேர் தேவைப்படல.

முதல் நாள் பாதையைப் பத்தி அதிகம் எழுதலை. ஓடை, மரம், மறுபடி ஓடை, அப்புறம் புல்வெளி. அழகுதான், போட்டோ இருக்கு. படிக்க வேண்டியது தரையில இருக்கு.

முதல்ல அட்டை. எல்லாரும் இதுக்குத்தான் பயப்படுறாங்க, இதுதான் இருக்கிறதுலயே சாது. கடிக்கிறது வலிக்காது, ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துறதால கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான். லைட்டரால சுட வேண்டாம். நகத்தைத் தோலோட ஒட்டி வச்சுப் பக்கவாட்டுல தள்ளினா விட்டுடும். உண்மையா கவனிக்க வேண்டியது உண்ணி. மேற்குத் தொடர்ச்சி மலையில சில இடங்கள்ல உண்ணி வழியா பரவுற குரங்குக் காய்ச்சல் இருக்கு. 1957-ல கர்நாடகாவுல கியாசனூர் காட்டுல முதல்முறையா கண்டுபிடிச்சாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி முட்டிக்குப் பின்னால, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்க. திரும்பி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, காட்டுக்குப் போயிட்டு வந்தேன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். அவர் கேட்க மாட்டார்.

அடுத்து பாம்பு. ஒரு ஓடைக்குப் பக்கத்துல பேக்கை இறக்கப் போனப்போ சேட்டா கையைப் பிடிச்சு நிறுத்தினார். கம்பால காய்ஞ்ச இலைக் குவியலைக் காட்டினார். ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தும் எனக்கு இலைதான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு இலைக்குக் கண் இருந்துச்சு. குழிவிரியன் வகையில ஒண்ணு, மூக்கு நுனி மேல தூக்கினாப்புல இருக்கும், ஒரு அடிக்கு மேல கொஞ்சம்தான் நீளம். இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. நம்ம நாட்டுல ஆஸ்பத்திரிகள்ல கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாலு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதுக்கான விஷத்தைச் சேகரிச்சுக் கொடுக்குறதுல பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவு சங்கத்துக்கு. இந்த மூக்கு தூக்கின குழிவிரியன் அந்த நாலுல இல்ல. அந்த மருந்து இதுக்கு வேலை செய்யாது. அதனால "ஆஸ்பத்திரி இருக்குல்ல, பார்த்துக்கலாம்"ங்குற தைரியம் இங்க செல்லாது. கடி விழாம இருக்கிறதுதான் மருந்து. கை வைக்கிற இடத்தை, உட்கார்ற இடத்தை, பேக் வைக்கிற இடத்தைக் கம்பால தட்டிட்டு வைங்க. கடிச்சுட்டா இறுக்கிக் கட்டாதீங்க, வெட்டாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசையாம கம்பு வச்சுக் கட்டி, ஆளை நடக்க விடாம தூக்கிட்டு, சீக்கிரமா ஆஸ்பத்திரிக்கு இறங்கணும்.

சாயங்காலம் புல்வெளி தாண்டினதும் யானை லத்தி. இதைப் படிக்கத் தெரிஞ்சா காட்டுல பாதி தெரிஞ்ச மாதிரி. மேல பளபளன்னு ஈரம் இருந்து, ஈயும் வண்டும் இப்பதான் வந்து உட்காருதுன்னா யானை பக்கத்துல. மேல காய்ஞ்சு, உடைச்சா உள்ள மட்டும் ஈரம்னா போய் ரொம்ப நேரமாச்சு. எங்களுக்குக் கிடைச்சது ரெண்டாவது வகை. பக்கத்துலயே சேத்துல முன்னங்கால் தடம் வட்டமா பதிஞ்சிருந்துச்சு. யானையோட தோள் உயரம் முன்னங்கால் தடத்தோட சுற்றளவு மாதிரி ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்கும். சிவில்காரன் ஷூ லேஸைக் கழட்டி அளந்தான். 120 சென்டிமீட்டர். அப்படின்னா உயரம் 2.4 மீட்டர். வளர்ந்த பெண் யானை. "பெண்ணுன்னா தனியா வராது"ன்னு சேட்டா சொன்னார். அதுக்கப்புறம் யாரும் பாட்டுப் பாடல.

இங்க ஒரு கணக்குப் போட்டுடலாம். ராத்திரி முகாம்ல நாங்க நிஜமாவே போட்ட கணக்கு. 2003-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல ஆசிய யானையோட அதிகபட்ச வேகம் வினாடிக்கு 6.8 மீட்டர்னு அளந்திருக்காங்க, மணிக்கு சுமார் 25 கி.மீ. முதுகுல பேக்கோட, வேரும் கல்லும் இருக்கிற பாதையில நம்ம வேகம் வினாடிக்கு 3 மீட்டர்னே வச்சுக்கலாம், அதுவே தாராளம். வித்தியாசம் 3.8. யானை 30 மீட்டர் தூரத்துல இருந்து துரத்துனா 8 வினாடியில நம்மளைப் பிடிச்சிடும். 100 மீட்டர்ல இருந்துன்னா 26 வினாடி. ஆக, ஓடுறதுங்குறது ஒரு பிளானே இல்ல. 30 மீட்டருக்குள்ள போகாம இருக்கிறதுதான் பிளான். யானை, கரடி, காட்டுமாடு எதுவா இருந்தாலும் பெரும்பாலான விபத்துகள் திடீர்னு பக்கத்துல சந்திக்கிறதுலதான் நடக்குது. நம்மளைத் தேடி வந்து தாக்குறது ரொம்ப அபூர்வம்.

அப்போ நாம வர்றது அதுக்கு முன்கூட்டியே தெரியணும், அது இருக்கிறது நமக்கு முன்கூட்டியே தெரியணும். இதுல காத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாசனையை உணருற மரபணு ஆப்பிரிக்க யானைக்கு 2000 கிட்ட இருக்கு. நாய்க்கு அதுல பாதிகூட இல்ல. நம்ம ஆசிய யானையும் மூக்கை நம்பி வாழுற இனம்தான். வெயில் ஏறினதும் மலைச்சரிவு சூடாகி, காத்து கீழ இருந்து மேல போகும். காலையில நாம ஏறும்போது நம்ம வியர்வை வாசனை நமக்கு முன்னாடியே மேல போய் "ஆள் வருது"ன்னு சொல்லிடும். நல்லது. ஆனா பகல்ல இறங்கும்போது அதே காத்து எதிர்ல, கீழ இருந்து முகத்துல அடிக்கும். நம்ம வாசனை பின்னாடி போயிடும், கீழ இருக்கிற யானைக்கு நாம வர்றதே தெரியாது. எல்லாரும் ஏறும்போது கவனமா இருந்துட்டு இறங்கும்போது ஜாலியா ஓடி வர்றோம். உண்மையில இறக்கம்தான் ஆபத்து.

சரி, ரெண்டாம் நாள்.

அம்பாசமுத்திரத்துக்காரனைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லணும். இந்த ட்ரெக்குக்கே காரணம் அவன்தான். சின்ன வயசுல இருந்து இந்த மலையைத் தாமிரபரணி பக்கத்துல இருந்து பார்த்து வளர்ந்தவன். அவங்க அப்பாவுக்கு ஒரு தடவையாவது மேல ஏறணும்னு ஆசை, கடைசி வரைக்கும் முடியல. ஜூலையில இவனுக்கு வேலை புனேயில. அதனால இந்த ஜனவரியை விட்டா எப்போன்னு தெரியாதுன்னுதான் அத்தனை பேரும் கிளம்பினோம். காலையில எழுந்தப்போ அவன் முட்டி வீங்கியிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம கிரேப் பேண்டேஜ் சுத்திட்டு நின்னான்.

முகாமுக்கு மேல பாதை ஈத்தைக் காடு வழியா போகுது. ஈத்தைன்னா மெல்லிசா, நெருக்கமா வளர்ற மூங்கில் இனம், யானைக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு. நாலடிக்கு அப்புறம் எதுவும் தெரியாது. அங்க சேட்டா கையைத் தூக்கினார். நின்னோம். மாட்டுத் தொழுவ வாசனை, கூடவே நசுங்கின பச்சை வாசனை. அப்புறம் சடக், சடக்னு ஈத்தை ஒடியுற சத்தம். இடது பக்கம், இருபது இருபத்தஞ்சு மீட்டர் இருக்கும். எனக்கு வயித்துல ஏதோ பண்ணிச்சு. சேட்டா நிதானமா நின்னு கேட்டுட்டே இருந்தார். திடீர்னு சத்தம் நின்னுச்சு. நாங்க அப்பாடான்னு பார்த்தோம், அவர் முகம் அப்பதான் மாறுச்சு. ஒடிக்கிற சத்தம் வந்தா அது சாப்பிடுது. சத்தம் நின்னா அது நம்மளைக் கேட்குது.

கையால பின்னாடி போகச் சொன்னார். திரும்பி ஓடல, வந்த பாதையிலயே, பேச்சில்லாம, ஒருத்தன் பேக்கை ஒருத்தன் பிடிச்சுட்டு நடந்தோம். ஒரு வளைவுல திரும்பிப் பார்த்தப்போ ஈத்தைக்கு மேல சாம்பல் நிற முதுகு ஒண்ணு, அதுக்குக் கீழ சின்னதா ரெண்டு கால். குட்டி இருக்கு. அவ்வளவுதான் நாங்க பார்த்த யானை. போட்டோ கிடையாது, யாருக்கும் எடுக்கத் தோணல.

இந்த இடத்துல நமக்குக் கேட்காத ஒரு பேச்சு நடந்திருக்க வாய்ப்பு உண்டு. 1984-ல கேட்டி பெய்ன்ங்குற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல போர்ட்லாந்து விலங்குக்காட்சி சாலையில ஆசிய யானைகள் பக்கத்துல நின்னப்போ, சத்தமே இல்லாம காத்துல ஒரு அதிர்வை உணர்ந்தாங்க. பதிவு பண்ணிப் பார்த்தா 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை யானைகள் குரல் கொடுக்குது. நமக்குக் கேட்கத் தொடங்குறதே சுமார் 20 ஹெர்ட்ஸ்ல இருந்துதான். 20 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் 17 மீட்டர். அவ்வளவு நீளமான அலையை மரமும் ஈத்தையும் தடுக்காது, சுத்திக்கிட்டுப் போயிடும். அதனால கண்ணுக்கு ஒரு யானை தெரிஞ்சா அது தனியா இருக்குன்னு அர்த்தம் இல்ல; மத்தது எங்கேயோ நின்னு பேசிக்கிட்டு இருக்கலாம். அதனாலதான் சேட்டா சுத்திப் போகவும் விடல. மெக்கானிக்கல்காரன் "வலது பக்கமா ஏறிடலாம் சேட்டா"ன்னு கேட்டான். "அங்கே எத்தனை எண்ணம் உண்டுன்னு உனக்குத் தெரியுமா"ன்னார். அவன் அப்புறம் கேட்கல.

ஐம்பது நிமிஷம் ஒரு பாறை மேல உட்கார்ந்தோம். யானைகள் கீழ்ச்சரிவுல இறங்கிப் போயிடுச்சுன்னு உறுதியானதும் எழுந்தோம். அம்பாசமுத்திரத்துக்காரனால எழ முடியல. சூடா இருந்த முட்டி உட்கார்ந்ததுல இறுகிடுச்சு. மேல கயிறு பிடிச்சு ஏற வேண்டிய பாறைகள் இருக்கு, நேரத்துக்குள்ள திரும்பியும் ஆகணும். இவன் வேகத்துல முடியாது, இவனை விட்டுட்டும் போக முடியாது.

"ஏல, நீங்க போங்கல. நான் இங்கனயே இருக்கேன். வரும்போது கூட்டிட்டுப் போங்க"ன்னான். சேட்டா அதைக் காதுலயே வாங்கிக்கல. காட்டுல ஒரு ஆளைத் தனியா உட்கார வைக்கிற பேச்சுக்கே இடமில்ல. பின்னாடி வந்த குழுவோட இன்னொரு வழிகாட்டி இருந்தார். அவர் முகாமுக்குத் திரும்ப ஒத்துக்கிட்டார். நம்ம கூட்டத்துல இருந்து ஒருத்தன் கூடப் போகணும். அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நான் போனேன். தியாகம்னு எல்லாம் நினைக்க வேண்டாம். நாலு வருஷமா ஒரே ரூம், அவ்வளவுதான்.

இறங்கும்போது அவன் ஒரு வார்த்தை பேசல. முகாம் முற்றத்துல இருந்து உச்சி நல்லா தெரியும். அதைப் பார்த்து உட்கார்ந்தான். சாயங்காலம் நாலு பேர் திரும்பி வந்து, உச்சியில மேகமே இல்லன்னும், பாறையில வரையாடு நின்னதைப் பார்த்தோம்னும் சொன்னாங்க. நம்ம மாநில விலங்கு, காட்டுல நேர்ல பார்க்குறது பெரிய விஷயம். எனக்குப் பொறாமையா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

முகாம்ல எங்களோட இருந்த வழிகாட்டி ஒரு கதை சொன்னார். வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். 1987-ல ஒரு ஆராய்ச்சிக் குழு இந்த மலையில காணி வழிகாட்டிகளோட ஏறுச்சு. படிச்சவங்க மூச்சு வாங்கி நிக்க, காணிக்காரங்க ஏதோ ஒரு காயைக் கடிச்சுக்கிட்டு அலுப்பில்லாம நடந்திருக்காங்க. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கத்துல பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதுல இருந்து "ஜீவனி"ங்குற மருந்தை உருவாக்குச்சு. வருமானத்துல ஒரு பங்கு காணி மக்களுக்குன்னு ஒப்புக்கிட்டாங்க. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததுக்கு உலக அளவுல முதல்ல சொல்ற உதாரணங்கள்ல இது ஒண்ணு. அம்பாசமுத்திரத்துக்காரன் அப்பதான் வாயைத் திறந்தான்: "முட்டிக்கு ஏதும் இலை இருக்காண்ணே?"

மூணாம் நாள் இறக்கத்துல சேட்டா வேற ஒரு விதி சொன்னார். வளைவு வந்தா பேசுங்க. முந்தின நாள் வாயை மூடச் சொன்னவர் இப்போ பேசச் சொல்றாரேன்னு எங்களுக்குக் குழப்பம். காரணம் கரடி. கரையான் புத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தா கரடிக்குச் சுத்தி நடக்குறது எதுவும் தெரியாது. கண் பார்வையும் அவ்வளவு கூர்மை இல்ல. நாம சத்தமில்லாம பக்கத்துல போய் நின்னா அது பயந்து முகத்துலதான் பாயும். அதனால கண்ணுக்குத் தெரியாத வளைவு, ஓடைச் சத்தம் இருக்கிற இடம், காத்து எதிர்ல வீசுற இறக்கம், இங்கெல்லாம் சாதாரணக் குரல்ல பேசிக்கிட்டே வரணும். கத்தக் கூடாது, ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டவே வேண்டாம். விலங்கு இருக்குன்னு தெரிஞ்ச நொடியில இருந்து மௌனம், பின்வாங்கல்.

கரடி வரல. ஒரு இடத்துல காட்டுமாடு ஒண்ணு பாதையில குறுக்க நின்னு முழு உடம்பையும் பக்கவாட்டுல காட்டுச்சு. போஸ் கொடுக்குதுன்னு நாங்க நினைச்சோம். "நான் எவ்வளவு பெரிசு பாரு"ன்னு அது காட்டுற எச்சரிக்கையாம் அது. ஒரு டன் வரைக்கும் வளரக்கூடிய மாடு. நாங்க பாதையை விட்டுக் கொடுத்துப் பத்து நிமிஷம் நின்னோம், அது மூக்கால ஒரு தடவை சீறிட்டு இறங்கிப் போச்சு.

முட்டிக்காரன் இப்போ பிசியோதெரபி போயிட்டு இருக்கான். அடுத்த ஜனவரிக்குப் புக்கிங் திறக்குற அன்னிக்கு லீவு போட்டு உட்காரப் போறதா புனே கம்பெனி சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். டிக்கெட் வேகமா தீர்ந்துடும், அதனால ஆறு பேரும் ஆறு ஊர்ல இருந்து ஒரே நேரத்துல லாகின் பண்றதா பேச்சு. கிடைச்சா அவனை மறுபடியும் சேட்டாவுக்கு நேர் பின்னாலதான் நிறுத்தணும்.